முதியவர்களும் தொற்றும்: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அடிக்கடி சளி. வைட்டமின் ஈ மாத்திரை தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். வைட்டமின் ஈ ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள். வயதானால் டி செல்கள் (கிருமியோடு போராடும் ஒருவகை வெள்ளணுக்கள்) மந்தமாகும். உடலே சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்ற பொருள் கூடி அவற்றை அடக்குவது ஒரு காரணம். வைட்டமின் ஈ அதைக் குறைக்கும். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தினம் 200 மி.கி. எடுத்த முதியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நன்றாக வேலை செய்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் தெரியும் முன்னேற்றம் வேறு, நோய் வராமல் இருப்பது வேறு. 2002-இல் நெதர்லாந்தில் 60 வயது கடந்த 652 பேரை வைத்து நடந்த ஆய்வில் அதே 200 மி.கி. சுவாசத் தொற்றைக் குறைக்கவில்லை; வந்த தொற்றின் கடுமைதான் கூடியது.

நாள் தேவை 15 மி.கி. 28 கிராம் பாதாமில் ஏறக்குறைய பாதி கிடைத்துவிடும். மெல்ல முடியாதவருக்கு அரைத்துக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர் அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

கேள்வி: ஜிங்க் மாத்திரை தினம் 50 மி.கி. எடுக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8 மி.கி. போதும், உச்சவரம்பு 40. மாதக்கணக்கில் மீறினால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது தடைபடும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் குறையும். எதற்காக எடுத்தீர்களோ அதுவே கெடும்! சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளையும் உடலில் சேரவிடாமல் ஜிங்க் பிடித்துவைக்கும். அவற்றை ஜிங்குக்கு 2 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுங்கள். ரத்தத்தில் ஜிங்க் குறைவு என்று உறுதியானவருக்கு மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை.

கேள்வி: சளி பிடித்தவுடன் வைட்டமின் சி 1000 மி.கி.?

பதில்: பிடித்தபின் தொடங்கினால் உறுதியான பலன் இல்லை. தினமும் எடுப்பவருக்குச் சளி நீடிப்பது சுமார் 8% குறையும், அவ்வளவே. சிறுநீரகக் கல் வந்தவர் தவிர்க்கவும்.

கேள்வி: புகைபிடிக்கும் பெரியவருக்கு பீட்டா கரோட்டீன் (கேரட் போன்ற காய்கறிகளில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்) மாத்திரை?

பதில்: கூடவே கூடாது. 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் தினம் 20 மி.கி. எடுத்த புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக இருந்தது. காய்கறியில் வரும் கரோட்டீனுக்குப் பயமில்லை.

கேள்வி: அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எந்த வைட்டமின் கொடுப்பது?

பதில்: முதலில் புரதத்தைப் பாருங்கள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள் (ஆன்டிபாடி) புரதத்தால் ஆனவை. நாளுக்கு உடல் எடை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டபின். திடீரென்று பசி நின்றாலோ, குழப்பமாகப் பேசினாலோ, விழுந்தாலோ, காய்ச்சல் இல்லாவிட்டாலும் தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.