பணியாரச் சட்டியில் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேத்திக்கு நாலரை வயது. நூறு வரை ஒரே மூச்சில் சொல்கிறாள். ஆனால் "ஏழு புளியங்கொட்டை எடுத்துட்டு வா ஆத்தா" என்றால் கை கொண்ட மட்டும் அள்ளி வருகிறாள். ஏன் இப்படி?
– வாசகி, காரைக்குடி

பதில்: நூறு வரை அவள் சொல்வது மனப்பாடம். எண்ணுவதற்கு இன்னும் இரண்டு வேண்டும்: ஒரு கொட்டைக்கு ஒரே எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இதில் இரண்டாவது பிடிபட நாளாகும். ஐந்து கொட்டையை எண்ணவிட்டு, "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் அது இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

ஏழு குழிப் பணியாரச் சட்டியை எண்ணெய் போகத் துடைத்து, தரையில் துணி விரித்து வையுங்கள். (இரும்புச் சட்டி என்றால் கனம், அவள் தூக்க வேண்டாம்.) பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கொட்டை. குழிக்கு ஒன்றாக, போடும்போதே எண்ணச் சொல்லுங்கள். சிதறிக் கிடப்பதை எண்ணும்போது வாய் முந்தும், விரல் பிந்தும். ஒன்றை இரண்டு தடவை எண்ணுவார்கள், ஒன்றை விட்டுவிடுவார்கள். குழியில் போட்டுவிட்டால் எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பமே இல்லை.

"மூணு தா" என்பதில் தொடங்குங்கள். அது பிசகாமல் வந்த பிறகே நாலு, அப்புறம் ஐந்து. எடுத்த எடுப்பில் ஏழு கேட்டதுதான் சிக்கல். தப்பாகத் தந்தால் திருத்த வேண்டாம், "சட்டியில போட்டுப் பார்ப்போமா?" என்றால் அவளே கண்டுபிடிப்பாள்.

ஏழும் நிறையப் போடப் பழகியதும், அவள் கண்ணை மூடியிருக்கும்போது இரண்டை எடுத்துவிடுங்கள். காலிக் குழி இரண்டு என்று எண்ணாமலே சொல்வாள், மிச்சம் ஐந்து. ஏழுக்குள் ஆறும் ஒன்றும், ஐந்தும் இரண்டும், நாலும் மூன்றும் இருப்பது இப்படித்தான் கண்ணில் பதியும். கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இப்போது அவசரமே இல்லை.

கேள்வி: ஐந்து வயதுப் பையனுக்குப் பல்லாங்குழி சொல்லித்தரலாமா? பாதியில் எழுந்து ஓடிவிடுகிறான்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 கொட்டை. ஓடாமல் என்ன செய்வான்? ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று கொட்டை, மொத்தம் 18 போதும். மற்றக் குழிகளைத் துணியால் மூடிவிடுங்கள்.

முதலில் அள்ளுவதும் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதும் மட்டும். அள்ளிய குழியிலேயே முதல் கொட்டையைப் போடுவான், அல்லது மூலையில் திரும்பும்போது ஒரு குழியைத் தாண்டுவான். அப்போது அவன் கையைப் பிடித்துப் போகாமல், அடுத்த குழியை நீங்கள் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். கை பழகியதும் பசு சேருங்கள்: ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பசுவை யார் முதலில் பார்ப்பது என்ற போட்டியில், நாலை எண்ணாமல் பார்த்தே சொல்லப் பழகிவிடுவான். காலிக் குழியைத் தடவி அடுத்ததை அள்ளும் விதி கடைசியில் வரட்டும்.

கேள்வி: ஆறு சோழியை நெருக்கி வைத்தால் ஆறு என்கிற மகள், அதையே தள்ளித் தள்ளி வைத்தால் "இப்ப நிறைய" என்கிறாள். ஐந்து வயது. கவலைப்பட வேண்டுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். நீளமான வரிசையை அதிகம் என்று நினைப்பது அந்த வயதின் இயல்பு. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்தது இதைத்தான். பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் தானாகச் சரியாகும். விளக்கம் சொன்னால் ஏறாது. ஆத்தங்குடிக் கல் (சதுர டைல்) பதித்த தரை இருந்தால் கல்லுக்கு ஒரு சோழி வைத்து, எதிர் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஜோடி வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மூன்று வயது நிறையாத பிள்ளை இருந்தால் சோழி, புளியங்கொட்டை எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும். அந்தப் பிள்ளைக்குப் பெரிதும் சிறிதுமாக நாலைந்து கொட்டானை (பனையோலைக் கூடை) கொடுங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கட்டும்.