நிக்கொடிமஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் டென்வரிலிருந்து கிழக்கே காரில் போகும்போது, கான்சஸ் மாநிலத்தின் 24ஆம் நெடுஞ்சாலையில் நிக்கொடிமஸ் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 14 பேர்தான் வசிக்கிறார்கள். அது நகராட்சியாகக்கூடப் பதிவு பெறவில்லை. ரயில் வராததால் செத்துப்போன ஊர் என்று நண்பர் சொன்னார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். இந்தப் பேயூரை ஏன் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்? பெயர் விவிலியத்திலிருந்து வந்ததா?

ர., டென்வர்

அன்புள்ள ர.,

பெயர்க் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இயேசுவை இரவில் தேடிவந்த நிக்கொதேமுவின் பெயர் என்பார் சிலர். ஓர் அடிமையைப் பற்றிய பழைய பாடலிலிருந்து வந்தது என்பார் சிலர். எதுவானாலும் எனக்குச் சம்மதம். எனக்குச் சம்மதமில்லாதது உங்கள் ‘பேயூர்’. 14 பேர் குடியிருக்கும் இடத்தில் நின்றுவிட்டு வந்து அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சில மாதங்களாக நான் இந்த ஊரைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பதால், கொஞ்சம் கடிந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சி இல்லை என்பது ஒரு குறையே அல்ல. அமெரிக்காவில் தனக்கென ஒரு மன்றம் வேண்டும் என்று முறைப்படி பதிவு செய்துகொள்ளாத ஊர்களைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

1877இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு துண்டறிக்கை சுற்றியது. 5 டாலர் கட்டும் கறுப்பின மக்கள் கான்சஸுக்குக் குடிபெயரலாம் என்று அது அழைத்தது. அப்படிக் குடிபெயர்ந்தவர்கள் உருவாக்கிய ஊர்தான் நிக்கொடிமஸ். அடிமைத்தளை அறுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஊருக்குத் திட்டமிட்டவர்களில் ஒருவர் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளைக்கார நிலத்தரகர். அவர் தன் பெயரிலேயே நிறுவிய ஹில் சிட்டிதான் இன்றும் கிரஹாம் கவுண்டியின் தலைநகர். தரகர் பெயர் நிலைத்துவிடுவதில் எனக்கு வியப்பில்லை.

1878இல் வந்த குழுவில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தார். எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கிய அந்தக் குழுவினர் தட்டம்மைக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். அந்தத் துயரத்தோடு அங்கிருந்து இரண்டு நாள் வண்டிப்பயணமாக வந்துசேர்ந்தார்கள். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் கூவியபோது, அவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஊர் தென்படவில்லை. கணவர் கைகாட்டிய திசையில் தரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மரமில்லாத அந்தச் சமவெளியில் மக்கள் மண்ணைக் குடைந்து குழிவீடுகளில் வாழ்ந்தார்கள். அவர் அழுதார். பல குடும்பங்கள் திரும்பிப் போயின, அவர் போகவில்லை. மாடும் ஏரும் இல்லாத சிலர், மண்வெட்டியாலேயே அந்தப் புல்நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார்கள்.

இனி உங்கள் நண்பரின் ரயில். இந்த வாதத்தைக் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 1887இல் ரயிலை வரவழைப்பதற்காக 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தது உண்மை. அடுத்த ஆண்டு தண்டவாளம் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போனதும், வணிகர்கள் ஆற்றுக்கு அப்பால் முளைத்த போக் என்ற ஊருக்குக் கடையை மாற்றிக்கொண்டதும் உண்மை. ஆனால் கடைக்காரர்கள் போனால் ஊரே போய்விட்டது என்று எழுதுபவர்கள், நிலத்தை விட்டு அசையாத உழவர்களை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? உங்கள் நண்பரின் கணக்குப்படி 1888இல் செத்த ஊர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புழுதிப்புயல்கள் கான்சஸை வாட்டிய காலத்தையும் தாண்டி, 1939இல் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பொதுமண்டபத்தை எப்படி எழுப்பியது? அங்கே 1953 வரை அஞ்சலகம் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் அந்த முதல் குடும்பங்களின் வழிவந்தவர்கள் பல மாநிலங்களிலிருந்து அங்கே வந்து கூடுகிறார்கள். செத்த வீட்டுக்கு ஆண்டுதோறும் விருந்தாளி வருவானா? 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியதும் பழைய கட்டடங்கள் ஐந்துக்காக மட்டும் அல்ல.

உங்களை இவ்வளவு திட்டிவிட்டேன், ஆகவே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் முதல்முறை அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனவன்தான். மதியம் தாண்டிவிட்டது, எனக்குப் பசி. அன்றிரவு விடுதியில் ஹிக்மன் அம்மாளின் நினைவுக்குறிப்பைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை 60 கிலோமீட்டர் திரும்பி ஓட்டினேன். மண்டபம் இன்னும் திறக்கவில்லை. சாலையோரம் நின்று, எங்கேயாவது தரையிலிருந்து புகை எழுகிறதா என்று அசட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நாய் என்னை நோக்கிக் குரைத்தது. உள்ளேயிருந்து யாரோ அதை அதட்டினார்கள்.