தாத்தாவின் தகரப்பெட்டியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் தகரப்பெட்டியில் பௌத்த சங்கக் கூட்ட நோட்டீசுகள், சம்பளச் சீட்டுகள், குழுப் படங்கள், 'தமிழன்' இதழின் சில கிழிந்த பக்கங்கள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார்கள் வீட்டில். காப்பகத்துக்குக் கொடுத்தால் பிறகு நாங்களே பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், ஆண்டர்சன்பேட்டை)

பதில்: முதல் வேலையாக, பழைய பேப்பர்காரர் கண்ணில் படாத இடத்துக்கு அந்தப் பெட்டியை மாற்றுங்கள். தலித் பௌத்தச் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, அடுத்த ஆண்டே பெயரைத் 'தமிழன்' என்று சுருக்கி, 1914 இல் தாம் மறையும் வரை நடத்திய அந்த வார இதழ் இன்று நம் கைக்குக் கிடைப்பதற்கு, உங்கள் தாத்தாவைப் போன்றவர்களும் அன்பு பொன்னோவியம் போன்ற பௌத்த அன்பர்களும் அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததே பெரிய காரணம். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999 இல் பாளையங்கோட்டையில் வெளிவந்த பிறகுதான் பண்டிதர் பரவலான ஆய்வுக்கு உரியவரானார். அதற்குள் அவர் மறைந்து 85 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1893 இல் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு இந்த அளவு கொடுப்பினைகூட வாய்க்கவில்லை.

இதழாவது வேறொரு வீட்டில் இன்னொரு படி கிடைக்கக்கூடும். நோட்டீசுக்கும் சம்பளச் சீட்டுக்கும் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு நோட்டீசை எடுத்துப் பாருங்கள்: தலைமை வகித்தவர், பேசியவர்கள், எந்த லைனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) கூட்டம், இரவு எத்தனை மணிக்கு, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் என்று, சுரங்க நிர்வாகத்தின் பதிவேடுகளில் எண்களாக மட்டுமே இருந்த மனிதர்கள் வேலை முடிந்தபின் என்ன செய்தார்கள் என்பது அந்த அரைத் தாளில் இருக்கிறது. சுரங்கம் 2001 இல் மூடப்பட்டுக் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் சிதறிவரும் நிலையில், இவற்றைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

உங்கள் தயக்கம் நியாயமானதே. ஆனால் மூலத்தைக் கைவிட்டால்தான் உதவ முடியும் என்றில்லை. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில் மூல ஆவணங்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பதே விதி. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரிப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதும் அது கப்பலேறவில்லை. 1994 முதல் சென்னையிலேயே நூலகமாக இயங்குகிறது. ஆகவே நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவார்களா, யார் பார்க்கலாம், எவை இணையத்தில் ஏறக் கூடாது என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடன் பத்திரம், சாதிச் சான்றிதழ், மதமாற்றக் கடிதம் ஆகியவை உயிரோடு இருப்பவர்களைத் தொடக்கூடியவை. எழுதித் தரத் தயங்கும் இடத்துக்கு, அது எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், நான் கொடுக்கமாட்டேன்.

கொடுப்பதற்கு முன் வீட்டின் மூத்தவரை உட்காரவைத்து, படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் தயாரிப்பவருக்கு அவர்கள் 'பெயர் தெரியாத தொழிலாளர்கள்'; உங்கள் அத்தைக்கோ ஒருவர் பெரியப்பா, ஒருவர் பக்கத்து லைன் மேஸ்திரி.

கேள்வி: பழைய தாள்களை லேமினேட் செய்துவிட்டால் காலத்துக்கும் இருக்குமல்லவா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். மரக்கூழில் செய்த தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்குகிறது. லேமினேஷன் அந்த அமிலத்தை உள்ளேயே அடைத்துவைப்பதோடு, பிறகு தாளைப் பிரித்தெடுக்கவும் விடாது. செலோடேப்பும் ஆகாது. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, தாள்களை மடிக்காமல் கிடத்தி, இராமபாணப் பூச்சியும் கரையானும் அண்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் இருபது ஆசிரியைகள் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்க நினைக்கிறோம். தலித் மக்களின் ஆவணங்களைச் சேர்க்கும் ஒரு சிறிய காப்பகத்துக்கு ஸ்கேனர் வாங்கிக் கொடுப்பது நல்லதா? (வாசகி, வேலூர்)

பதில்: அவர்களைக் கேட்காமல் ஸ்கேனர் வாங்காதீர்கள். பெயர் பொறிக்க இடமிருப்பதால் கருவி வாங்கித் தர ஆள் கிடைத்துவிடுகிறார்கள். மின்கட்டணம், பழுதாகும் ஹார்ட் டிஸ்கை மாற்றுவது, பட்டியலிடுபவரின் சம்பளம் ஆகியவற்றுக்குத்தான் யாரும் முன்வருவதில்லை. வெளி நல்கைகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத் திட்டத்துக்கு உரியவை என்பதால், நல்கை முடிந்த மறுமாதம் என்ன செய்வது என்பதே சிறிய காப்பகங்களின் தீராத கவலை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்ட நினைவு மாறாத இலங்கைத் தமிழரிடையே, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் தன்னார்வலர்களின் உழைப்பாலும் பலரின் பங்களிப்பாலுமே வளர்ந்து நிற்கிறது. நிபந்தனையில்லாமல் மாதம் தவறாமல் வரும் ஆயிரம் ரூபாய், ஒரே தடவையில் வரும் பெருந்தொகையைவிட அவர்களுக்கு உதவும்.

உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. 1978 இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த லை, னை, சுழித்த றா, னா ஆகியவற்றையும், தேய்ந்த அச்சையும் கணினி இன்னும் தடுமாறித்தான் படிக்கிறது. உங்களில் மூத்தவர்கள் தடையின்றிப் படிப்பீர்கள். ஒரு சனிக்கிழமை நேரில் சென்று, இதுவரை பட்டியலிடாத கட்டு எது என்று கேட்டு, அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.