எல்லாரும் அம்மாவிடமே கேட்கும் வீடு (வாசகர் கடிதம்)

அன்பின் அக்காவுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். கணவருக்கு அக்கரைப்பற்றில் வேலை, காலை ஆறு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவார். வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறா.

பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும் முழு வீட்டையும் இறக்கி ஏற்றி ஒதுக்குவேன். இரண்டு கிழமை போகாது, மேசை, கதிரை, கட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வீடியோக்களைப் பார்த்துப் பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கினேன், அவையும் நிறைந்துவிட்டன. அம்மா ஒரு வெற்றுப் போத்தலைக்கூட எறிய விடமாட்டா. ஹோர்லிக்ஸ் போத்தல், ஐஸ்கிரீம் பெட்டி, கடைப் பைகள், பழைய தறப்பாள் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. போன கிழமை மகளின் பிறப்புச் சான்றிதழைப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். இரவு பன்னிரண்டு மணி வரை தேடி அழுதேவிட்டேன். கடைசியில் சாறிகளுக்கு அடியில் இருந்தது. நான் நேர அட்டவணை போட்டு வாழ வேண்டுமா? எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்பின் சகோதரிக்கு,

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று வாசித்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இனிப் பெட்டி வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஐந்து பேர். நள்ளிரவு வரை தேடியது நீங்கள் ஒருவர். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதனால் வேறு யாராலும் தேடவே முடியாது. மேஸ் எங்க, திறப்பு எங்க, பனடோல் எங்க, கரண்ட் பில் எங்க என்று காலையில் இருந்து இரவு வரை எல்லாக் கேள்வியும் உங்களிடம்தான் வரும். நீங்கள் ஞாபகம் வைத்திருக்கும் வரை வீடு ஓடும். திருத்த வேண்டிய கொப்பிகள் குவிந்த கிழமையில், அல்லது காய்ச்சலில் நீங்கள் படுத்த நாளில், எல்லாம் நின்றுவிடும். பொங்கலுக்கு ஒதுக்கிய வீடு இரண்டு கிழமையில் குலைவதும் இதனால்தான். ஒதுக்கியதும் நீங்கள், புது இடம் தெரிந்ததும் உங்களுக்கு மட்டும். மற்றவர்கள் எடுத்ததை வேறு எங்கே வைப்பார்கள்? கண்ணில் பட்ட கதிரையில்தான் வைப்பார்கள்.

உங்களைக் கேட்காமல் யாரும் ஒரு பொருளை எடுக்கவும், எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவும் முடிந்தால் அதையே நான் ஒழுங்கான வீடு என்பேன். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொருளுக்கு இடம் குறிக்கும்போது, அதை அடிக்கடி எடுப்பவருடைய கை எங்கே எட்டும் என்று பாருங்கள். மகளின் மேஸ் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அலுமாரிக்குள் போக வேண்டியதில்லை. அம்மாவின் மருந்து அவர் படுக்கும் இடத்துக்கு அருகே, சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூடி வைத்து அடுக்கிய பெட்டிக்குள் இருந்து எடுப்பதும் கஷ்டம், திருப்பி வைப்பது அதைவிடக் கஷ்டம். மேலே இருப்பதை எல்லாம் இறக்க வேண்டும். அன்றாடம் புழங்கும் சாமானுக்குத் திறந்த தட்டே போதும்.

அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் ஒரு தம்பதியும் பிள்ளைகளும் மட்டும் வாழும் வீடு. எங்கள் பக்கம் அப்படி இல்லை. தாய்வழிக் குடிமுறை இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஊர்கள் இவை. கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போகும், பெற்றோர் பின்னறைக்கோ அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டுக்கோ மாறுவார்கள். அவர்களுடைய சாமான் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். உங்கள் அலுமாரியில் இருப்பது இரண்டு தலைமுறையின் சாமான். அதில் பாதியை எறியலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை, வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், உங்களுக்கு இல்லை.

அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவைச் சிறு வயதில் கண்டவராகவும் இருக்கலாம். 1990இன் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்ததும் அவருக்குக் கதை இல்லை. கூரை போன வீட்டில் ஒரு தறப்பாளுக்கு என்ன மதிப்பு, முகாமில் இறுக்கி மூடக்கூடிய ஒரு போத்தலுக்கு என்ன மதிப்பு என்று அனுபவித்துத் தெரிந்த மனிசி. அவரிடம் போய் இது குப்பை என்று சொல்லாதீர்கள். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எறிவது அதைவிட மோசம். அப்படிச் செய்தால் அடுத்த நாளே அவர் எல்லாவற்றையும் இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கத் தொடங்குவார்.

அவருக்கென்று ஒரு தட்டைக் கொடுங்கள். சின்னதாக வேண்டாம், நல்ல அகலமான தட்டு. அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். நிறைந்தால், எது போகலாம் என்று அவரே தெரிவு செய்யட்டும். பலர் இந்த ஒரு சின்ன அதிகாரம் கையில் கிடைத்ததும் தாங்களாகவே குறைக்கத் தொடங்குவார்கள்.

ஒரே ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் தேங்கக்கூடிய எதுவும் வெளியே இருக்கக் கூடாது. யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், தறப்பாளின் மடிப்பு எல்லாமே இதில் அடங்கும். டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை வளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த அம்மம்மாவும் மறுக்கமாட்டா.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். குசினியில் வேண்டாம், உடுப்பு அலுமாரியிலும் வேண்டாம். கடதாசிகளில் தொடங்குங்கள். அழ வைத்தது அதுதானே. அதோடு, எங்கள் மாவட்டத்தில் வருசக் கடைசி என்றால் வெள்ளம். 2011 ஜனவரியில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் கையில் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கத் தெரிந்தால், பாதிப் பயம் போய்விடும்.

வீட்டில் உள்ள எல்லாக் கடதாசியையும் ஒரு பாயில் போடுங்கள். தொலைந்தால் திரும்ப எடுக்க முடியுமா, எவ்வளவு அலைய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரியுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் காசு கட்டிப் பிரதி எடுக்கலாம், அதனால் அது நீங்கள் பயந்த அளவுக்குப் பெரிய இழப்பு இல்லை. காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், அப்படி இல்லை. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிஸ் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு நகலைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், எழுதிய தேதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் அங்கே தேடிப் பிரதி பெற முடியும். மூன்றும் தெரியாவிட்டால் அலைச்சல்தான். உறுதியைப் பத்திரமாக வைத்திருக்கும் பலர் இந்த மூன்றையும் வேறு எங்கும் எழுதி வைப்பதில்லை. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தால் அதன் இலக்கத்தையும், உங்களுக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிளினிக் கொப்பியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் அம்மாவின் பிரசர், சீனி வருத்தத்தின் முழு வரலாறும் பெரும்பாலும் அந்தக் கொப்பியில்தான் இருக்கும். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி பதிந்த கொப்பிக்கும் இதுவேதான்.

வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கடற்கரை ஊரில் குண்டூசியும் ஸ்டேப்பிளர் பின்னும் சீக்கிரம் கறள் பிடித்துக் கடதாசியைத் தின்றுவிடும், எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பைலில் வையுங்கள். உறுதியை லமினேட் செய்யாதீர்கள், பிறகு அதில் ஒரு குறிப்பு எழுதவும் முடியாது, பழைய கடதாசி என்றால் சூட்டில் கெட்டும் போகலாம். குளிர்சாதனப் பெட்டி வாங்கிய பில், ஏடிஎம் துண்டு போன்ற வழுவழுப்பான தாள்களில் எழுத்து மெல்ல மெல்ல மறையும். உத்தரவாதம் உள்ளவற்றை உடனே போட்டோக்கொப்பி எடுங்கள். பைல் நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ இருக்கக் கூடாது, கறையான் வரும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உயரமான இடத்தில், நீர் புகாத ஒரு பையில் இருக்கட்டும். படங்களை இரண்டு பேரின் போனில் வையுங்கள், ஒருவர் வேறு ஊரில் இருந்தால் நல்லது. குடும்ப வட்சப் குழுவில் மட்டும் அடையாள அட்டையைப் போட வேண்டாம்.

நேர அட்டவணை வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மணிக்கூட்டுக்கு ஓடுகிற நீங்கள் வீட்டிலும் அப்படி ஓட வேண்டாம். ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டிய வீட்டில் காலையைச் சரிசெய்வது முதல் நாள் இரவு. சாப்பிட்ட பிறகு பேக், தண்ணீர் போத்தல், கையெழுத்து வைக்க வேண்டிய கொப்பி எல்லாம் வாசலடிக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைகளே கொண்டுவந்து வைக்கட்டும். ஏதாவது மறந்தால் ஒரு நாள் மறந்தபடியே போகட்டும், நீங்கள் பின்னால் ஓடாதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், அதற்குமேல் நான் ஊகிக்க மாட்டேன். ஒரு வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள். முக்கியமான இலக்கங்கள் எல்லாம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மின்சாரக் கணக்கு, உறுதி எல்லாம், ஒரு கொப்பியில் ஏற வேண்டும். அதை அவர் எழுதட்டும். நீங்கள் எழுதினால் அதுவும் உங்கள் தலைக்குள் இருக்கிற இன்னொரு விசயமாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அன்றைக்கு அம்மாவையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். எந்த நொத்தாரிசிடம் எழுதியது, சாட்சி வைத்தது யார், எல்லையில் யாருடைய காணி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சீதன உறுதியில் அவருக்குச் சீவிய உருத்து வைத்து எழுதியிருக்கிறதா என்றும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இருந்தால், உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் அவருக்குப் பாத்தியதை உண்டு என்று உங்கள் வாயாலேயே அவர் கேட்கட்டும். போத்தல்களைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

அன்புடன்.