வீட்டில் கட்டிய சாம்பிள் அண்ட் ஹோல்ட் + கிளைட் மாட்யூலில் பிடித்த சுருதி இறங்கிக்கொண்டே போகிறது, எல்எஃப்398 (ரெடிமேடாக வரும் சாம்பிள் அண்ட் ஹோல்ட் சிப்) வாங்கினால் சரியாகுமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: சிந்தசைசர் மாட்யூல், ஒரு கணத்தின் வோல்டேஜைப் பிடித்து வைப்பது சாம்பிள் அண்ட் ஹோல்ட், ஒரு சுருதியிலிருந்து அடுத்ததற்கு வழுக்க வைப்பது கிளைட். யூரோராக் அளவு (மாட்யுலர் சிந்தசைசர்களின் ஒரு பொது அளவு), ±12 வோல்ட், டிஎல்072 (இரண்டு ஓப்-ஆம்ப் உள்ள சிப்) ஒன்று, ஸ்விட்ச்சாக ஜே112 (ஜேஃபெட் டிரான்சிஸ்டர்) ஒன்று, 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், எல்லாம் வெரோபோர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளை போர்டு). ஒரு வோல்டேஜைப் பிடித்து வைத்தால் ஒரே வினாடியில் அரை சுரத்துக்கு மேல் கீழே இறங்குகிறது.

எல்எஃப்398 வாங்குவதற்கு முன்னால் போர்டைக் கழுவுங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பக்கம் வேலை செய்கிறேன், அதனால் பைக்கோ ஆம்பியர் தகராறுகள் தினமும் பார்க்கிற விஷயம். (எல்எஃப்398-ஐக் கொண்டுவந்த நேஷனல் செமிகண்டக்டரே எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தத் தீவுக்கு வந்த கம்பெனிகளில் ஒன்று, அது தனிக்கதை.) சிப் நல்ல சிப்தான், ஆனால் அதிலும் ஹோல்ட் கெப்பாசிட்டர் போர்டின் மேல்தான் உட்கார வேண்டும், போர்டு அழுக்காக இருந்தால் அதுவும் அதே மாதிரி ஒழுகும்.

கணக்கைப் பார்ப்போம். ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற முறையில் அரை சுரம் 83 மில்லிவோல்ட், அதில் நூறில் ஒரு பங்கான ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட். கெப்பாசிட்டர் எவ்வளவு வேகமாக நழுவும் என்பது ஒழுகும் கரண்ட்டைக் கெப்பாசிட்டன்ஸால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 10 நானோஃபாரடில் 100 பைக்கோ ஆம்பியர் ஒழுகினால் வினாடிக்கு 10 மில்லிவோல்ட், அதாவது 12 சென்ட். இப்போது ஃப்ளக்ஸ் (சோல்டர் வைத்த பின் மிஞ்சும் பிசின்) ஒட்டிக்கிடக்கிற, நம் ஊர் ஈரக்காற்றில் ஊறிய ஒரு வெரோபோர்டில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே 10 ஜிகா ஓம்தான் இருக்கிறது என்று வையுங்கள். கெப்பாசிட்டர் +3 வோல்ட்டில், பக்கத்துப் பட்டை −12 வோல்ட்டில் என்றால் 15 வோல்ட் வித்தியாசம், 1.5 நானோ ஆம்பியர், வினாடிக்கு 150 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட இரண்டு அரை சுரம் போய்விட்டது, ஓப்-ஆம்ப் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை!

சரி, −12 வோல்ட் எதற்கு அவ்வளவு பக்கத்தில் வரப்போகிறது என்பீர்கள். டிஎல்072-இன் காலமைப்பைப் பாருங்கள். எல்லாரும் முதலில் எடுப்பது முதல் பாதியைத்தான், அதன் பிளஸ் இன்புட் 3-ஆம் கால். அதற்கு அடுத்த கால் 4, அதுதான் −12. உங்கள் சுருதி எப்போதும் கீழேயே இறங்குகிறது என்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. ஹோல்ட் பஃபரை (கெப்பாசிட்டரின் வோல்டேஜை அப்படியே வெளியே கொடுக்கும் ஓப்-ஆம்ப்) இரண்டாவது பாதிக்கு மாற்றுங்கள். அதன் பிளஸ் இன்புட் 5-ஆம் கால், வரிசையின் ஓரத்தில் இருக்கிறது, அதை ஒட்டி இருப்பது 6-ஆம் கால் மட்டும். பஃபர் என்பதால் 6-ஐ 7-உடன் சேர்த்திருப்பீர்கள், ஆக 6-இலும் கெப்பாசிட்டரில் உள்ள அதே வோல்டேஜ்தான் இருக்கும், வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் ஓடாது. காசு செலவில்லாத கார்டு ரிங், அதாவது ஒழுக்கைத் தடுக்கும் காவல் வளையம். முடிந்தால் அந்த 5-ஆம் காலை சாக்கெட்டில் செருகாமல் வெளியே வளைத்து, கெப்பாசிட்டர் காலையும் ஜே112 காலையும் அதோடு காற்றிலேயே சோல்டர் வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் காற்று எந்த போர்டையும் விட நல்ல இன்சுலேட்டர்.

கழுவுவதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஒரு தடவை தேய்த்துவிட்டு விட்டால் ஃப்ளக்ஸ் போகாது, மெல்லிய படலமாகப் பரவி இன்னும் மோசமாகும், புதிய ஆல்கஹால் ஊற்றி இன்னொரு தரம் தேய்த்து வடியவிடுங்கள், அப்புறம் ஹேர் டிரையர். சோதிக்கும்போது மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் மேலேயே வைத்துவிடாதீர்கள், மீட்டரின் 10 மெகா ஓம் வழியாக ஒரு கண்சிமிட்டலில் எல்லாம் காலியாகிவிடும். பஃபர் அவுட்புட்டில், 7-ஆம் காலில் அளவெடுங்கள்.

இதெல்லாம் ஆன பிறகும் மிச்ச ஒழுக்கு இருக்கும். டிஎல்072-இன் பழைய டேட்டாஷீட்டில் பயாஸ் கரண்ட் (இன்புட் கால் வழியாக ஓடும் சிறு கரண்ட்) 65 பைக்கோ ஆம்பியர் என்று இருக்கும், அது 25 டிகிரியில். ஜேஃபெட் இன்புட்டில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏர்கான் இல்லாத அறையில் மூடிய ராக்குக்குள் 45 டிகிரி என்றால் நான்கு மடங்கு. அதனால் 10 நானோஃபாரடை விட்டுவிட்டு 47 நானோஃபாரட் பாலிபுரோப்பலீன் போடுங்கள். செராமிக் வேண்டாம், அதிலும் எக்ஸ்7ஆர் வகை பழைய வோல்டேஜை நினைவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் இழுக்கும், மேசையைத் தட்டினால் சத்தமும் போடும். கே.எல். வந்தால் ஜாலான் பசார் கடைகளில் பாலிபுரோப்பலீன் என்று கேட்டு வாங்குங்கள், பிலிம் கெப்பாசிட்டர் என்று மட்டும் சொன்னால் பாலியெஸ்டரை எடுத்து நீட்டுவார்கள்.

பெரிய கெப்பாசிட்டருக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஜே112 அணையும்போது அதன் கேட்டின் (அதைக் கட்டுப்படுத்தும் கால்) வோல்டேஜ் துள்ளல் 5 பைக்கோஃபாரட் அளவு வழியாகக் கெப்பாசிட்டருக்குள் ஒரு உதை கொடுக்கும். 15 வோல்ட் துள்ளல் என்றால் 1 நானோஃபாரடில் 75 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரை சுரம். 47 நானோஃபாரடில் 1.6, கவலையில்லை. கேட்டுக்கு 1என்4148 டையோடு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரின் மறுமுனை இன்புட் பஃபர் பக்கம்தான் போக வேண்டும், கெப்பாசிட்டர் பக்கம் போனால் நீங்கள் செய்தது ஹோல்ட் இல்லை. முதல் பஃபருக்கும் ஜே112-க்கும் நடுவே 220 ஓம் வையுங்கள், இல்லாவிட்டால் ஓப்-ஆம்ப் அந்தக் கெப்பாசிட்டரைப் பார்த்து ஆட ஆரம்பிக்கும். சாம்பிள் பல்ஸ் 0.3 மில்லி வினாடி இருந்தால் தாராளம். ஜே111 கிடைக்கிறதே என்று மாற்றிப் போடாதீர்கள், அதற்கு 10 வோல்ட் வரை பிஞ்ச்-ஆஃப் (முழுதாக அணைக்கும் கேட் வோல்டேஜ்) தேவைப்படலாம், −5 வோல்ட் சிக்னலில் முழுதாக அணையாது.

கிளைட் பக்கம் சுலபம், ஆனால் அங்கேயும் அதே திருட்டுதான். 1 மெகா ஓம் பாட், 1 மைக்ரோஃபாரட், பின்னால் ஒரு பஃபர், பாட்டோடு தொடராக 1 கிலோ ஓம். 1 மைக்ரோ என்றதும் எலக்ட்ரோலிட்டிக்கை எடுப்பார்கள். அது 0.1 மைக்ரோ ஆம்பியர் ஒழுகினாலே 1 மெகா ஓமில் 100 மில்லிவோல்ட் விழும், கிளைட் குமிழைத் திருகத் திருகச் சுருதியும் சேர்ந்து இறங்கும். இங்கே பாலியெஸ்டர் போதும். பஃபருக்குப் பழைய 741 ஓப்-ஆம்ப்பையும் எடுக்காதீர்கள், அதன் 80 நானோ ஆம்பியர் இதே அரை சுரத்தைத் தின்னும்.

இந்த எளிய சர்க்யூட்டின் வளைவு முதலில் வேகமாகக் கிளம்பி, கடைசியில் இழுத்துக்கொண்டே போகும். ஒரு ஆக்டேவ் தாவினால் 5 சென்ட் நெருக்கத்துக்கு வர டைம் கான்ஸ்டன்ட்டைப் (ரெசிஸ்டன்ஸைக் கெப்பாசிட்டன்ஸால் பெருக்கினால் வருவது) போல ஐந்தரை மடங்கு நேரம் பிடிக்கும், 0.2 வினாடி வைத்தாலும் ஒரு வினாடிக்கு மேல். பேஸ் லைனுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். வீணையில் ஜாரு மாதிரி ஒரே சீராக வழுக்கிப் போய் சுரத்தில் சட்டென்று நிற்க வேண்டுமென்றால் கம்பேரட்டரும் இன்டக்ரேட்டரும் சேர்ந்த லீனியர் வகை கட்டுங்கள், டிஎல்074 ஒன்று போதும். ஆனால் அதில் தாவல் பெரிதானால் நேரமும் கூடும், ஒரே வேகம்தான்.

ஜாக் இணைப்பில் நாய்ஸை ஹோல்டின் இன்புட்டுக்கும், ஹோல்ட் அவுட்புட்டைக் கிளைடுக்கும் நார்மல் செய்துவிடுங்கள் (ஜாக் காலியாக இருக்கும்போது உள்ளேயே தானாக இணையும்படி), எதையும் செருகாமலே க்ளாக் கொடுத்தால் வழவழவென்று அலையும் ராண்டம் கிடைக்கும், ஃபில்டருக்கு அருமை. அதற்கு ஒழுக்கே ஒரு பொருட்டில்லை.

பின்னூட்டத்தில் ஜே112-க்குப் பதில் சிடி4066 (ஸ்விட்ச் சிப்) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ±12-இல் நேரே போட்டால் 24 வோல்ட், சிப் தாங்காது. ±7.5 தனியாக எடுத்துக் கொடுங்கள், சிக்னல் ±5-க்குள் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும்.