பேரிங்குக்குள் புகும் தூசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பேரிங்குக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். இருந்தும் சீக்கிரமே போய்விடுகிறதே, ஏன்?

கிரீஸோடு எது உள்ளே போகிறது என்று பாருங்கள். பேரிங்கிலுள்ள எஃகு உருண்டையான பாலுக்கும் அது உருளும் வளையமான ரேஸுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. கண்ணுக்குத் தெரியாத 10 மைக்ரான் துகள்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. நெல்லோடு வரும் மணலில் உள்ள குவார்ட்ஸோ பேரிங் எஃகைவிடக் கடினமானது. பால் அதன்மேல் ஏறும்போது ரேஸில் குழி விழுகிறது.

குழியைவிட ஆபத்தானது அதன் விளிம்பு. அழுந்திய உலோகம் குழியைச் சுற்றி மேடு தட்டி நிற்கும். ஒவ்வொரு பாலும் அந்த மேட்டில் ஏறி இறங்க, பாரம் அங்கேயே குவிகிறது, படலமும் அறுகிறது. நாளடைவில் அங்கே நுண்விரிசல் கண்டு எஃகு செதிலாகப் பெயரும். பெயர்ந்த செதில் மறுபடி குழி போடும். ஆகவே கிரீஸ் நுழையும் நிப்பிளைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் கன்னை வையுங்கள். கிரீஸ் டப்பாவைத் திறந்து போடாதீர்கள். தூசியைத் தடுக்கும் சீல் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மென்மையான பித்தளைத் துகள் கடினமான எஃகை என்ன செய்துவிடும்?

குழி போடும். நசுங்கித் தகடாகும் மென்மையான துகளுக்குள்ளும் அழுத்தம் மிகக் கடுமையாக ஏறும். அதனால் விழும் குழி ஆழமில்லாமல் அகன்றிருக்கும். கிரைண்டிங் வீல் பொடி நொறுங்கிச் சிறு சிறு குழிகளாகப் பரவும். எளிதில் உடையாத கார்பைடு துகள்தான் ஆழமாக இறங்குவது.

புது ஆயிலையும் ஃபில்டர் செய்ய வேண்டுமா?

கட்டாயம். பேரலில் வரும் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஆயிலின் சுத்தத்தை ஐஎஸ்ஓ 4406 என்ற சர்வதேச அளவுகோலில் 18/16/13 என்பதுபோல எழுதுவார்கள். மூன்று எண்களும் முறையே 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். 18 என்றால் 1 மில்லியில் 1,300 முதல் 2,500 துகள்கள் வரை. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு.

ஆயிலை மாற்றி நல்ல ஃபில்டரும் போட்டாயிற்று. பேரிங் சத்தம் நிற்கவில்லையே?

விழுந்த குழி விழுந்ததுதான், புது ஆயில் அதை ஆற்றாது. 1982-இல் சேல்ஸ், மேக்பெர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனையில், 40 மைக்ரான் ஃபில்டருக்குப் பதில் 3 மைக்ரான் போட்டபோது பேரிங் ஆயுள் ஏழு மடங்கு வரை கூடியது. அந்தப் பலன் வேண்டுமானால் தொடக்கத்திலிருந்தே சுத்தம் வேண்டும். உங்கள் பேரிங்கை மாற்றிவிடுங்கள். அதற்கு முன் பேரிங் உட்காரும் ஹவுசிங்கையும் ஆயில் வரும் பைப்பையும் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய செதில் புதியதையும் கெடுக்கும்.

கழுவிய பேரிங்கை ஏர் கன்னால் ஊதிச் சுழலவிடலாமா?

கூடவே கூடாது. எண்ணெயில்லாமல் சுழன்று ரேஸ் கீறும், பால்களைப் பிரித்து வைக்கும் கேஜ் உடைந்தால் பால் தெறித்து ஆளையே காயப்படுத்தும். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் துருவும் வேறு இருக்கும். கையால் பிடித்துக்கொண்டு, நூல் உதிராத துணியால் துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள்.