மே மாத ஏரியில் குழந்தைகளோடு படகு

தம்பி, கனடாவில் மே மாதம் வரும் விக்டோரியா டே விடுமுறைக்கு அலுவலக நண்பர் ஏரிக்கரையில் உள்ள தன் காட்டேஜுக்கு (விடுமுறை வீட்டுக்கு) கூப்பிட்டிருக்கிறார், அங்கே மோட்டார் படகும் இருக்கிறது, நான்கு வயது மகளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகளை ஏற்றலாம். சின்னவன் கரையிலேயே இருக்கட்டும்.

இங்கே குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் (தண்ணீரில் மிதக்க வைக்கும் உடுப்பு) 9 கிலோவிலிருந்துதான் தொடங்குகிறது. எட்டு மாதத்தில் பல குழந்தைகள் அந்த எடையைத் தொட்டிருக்காது. மடியில் வைத்துக்கொள்கிறேன், நெஞ்சோடு கட்டிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் குப்புற விழுந்தால் பிள்ளை உங்களுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். படகில் கார் சீட்டை வைத்து, அதில் பெல்ட் போட்டு உட்கார வைப்பது அதைவிட மோசம்.

மகளுக்கு ஜாக்கெட்டை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். காட்டேஜில் தொங்குவது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. உள்பக்கத்து லேபிளில் அரசு அங்கீகாரமும் எடை வரம்பும் இருக்கும். மகளின் எடை அதற்குள் வர வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் நம் பழக்கம் இங்கே ஆகாது. எல்லா வாரையும் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். கால்களுக்கு நடுவே போகும் வாரும், தூக்கியெடுக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு பிடியும் இருக்கட்டும். காற்றடைத்துப் பெருகும் வகை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது தண்ணீரில். மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் ஏரி சில வாரம் முன்புதான் பனிக்கட்டியிலிருந்து விடுபட்டிருக்கும். அந்தக் குளிரில் விழுந்தால் மூச்சு கட்டுமீறி வாங்கும். அதே நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. இங்கே 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகள் உடம்பு இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நீச்சல் தெரிந்தாலும் நீங்களும் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், நீங்களே மூழ்கினால் அவளை யார் தூக்குவது?

நண்பரிடம் கூச்சப்படாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். படகு ஓட்டும் அட்டை வைத்திருக்கிறாரா, ஓட்டும்போது பீர் குடிப்பாரா. இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் படகே வேண்டாம், கரையில் கல் எறிந்து விளையாடினாலே அவளுக்குப் போதும்.

ஓடும் படகின் முன்முனையில் மகளைக் காலைத் தொங்கப்போட்டு உட்கார விடாதீர்கள். தவறி விழுந்தால் படகு அவள் மேலேயே ஏறும், பின்னால் இன்ஜின் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது படகின் பின்பக்கப் பலகையில் உட்காருவதும் கூடாது, அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுப்புகை தேங்கும், வாசனையே வராது. அவளை நடுவில் தாழ உட்கார வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருங்கள். போட்டோவை மற்றவர்கள் எடுக்கட்டும்.

அப்புறம், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சின்னவனோடு கரையில் இருக்கும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.